சின்னவள் சாப்பிட்ட ரொட்டி

மழை இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள். வானம் கறுக்கும், காற்று நின்றுவிடும், ஒரு துளி விழாது. அந்தப் புழுக்கத்தில் மாவு சொன்ன பேச்சைக் கேட்காது. ரொட்டிக்காரர் விடியுமுன் எழுந்து பிசைந்து மூடி வைத்த மாவு, அடுப்பு காய்வதற்குள் தொட்டி விளிம்பைத் தாண்டி, மேலே போர்த்திய ஈரத்துணியையும் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை ஒரு குத்து குத்தி அடக்கி, "வேகட்டும்" என்பார்.

எதற்கும் அதுதான் அவர் பதில். ரொட்டி ஆச்சா என்றாலும் வேகட்டும். கூரை ஒழுகுதே என்றாலும் வேகட்டும். உங்க மாமனார் கோபமாக இருக்காராமே என்றாலும் வேகட்டும். அதனால் தெருவில் அவருக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. "வேகட்டும் கடையில போய் ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வா" என்றுதான் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

முன்பக்கம் கடை. அதன் பின்னால் செங்கல் அடுப்பு இருக்கும் கொட்டகை. அதற்கும் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, தண்ணீர்த் தொட்டியோடு சின்ன முற்றம். வீட்டில் இரண்டு பெண்கள். ரொட்டிக்காரரின் அக்காவைப் பெரியவள் என்றும், மனைவியைச் சின்னவள் என்றும் எல்லாரும் சொல்வார்கள். புருஷன் செத்தபிறகு தம்பி வீட்டுக்கு வந்த பெரியவள் நேராகக் கல்லாவில் உட்கார்ந்தவள்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அந்தக் கல்லாவுக்குப் பூட்டு கிடையாது, அவள் நாக்கே போதும் என்பார்கள்.

சின்னவள் கொட்டகையில் இருப்பாள். உருட்டி வைத்த மாவின் முதுகில் பிளேடால் கீறல் போடுவதும், வெந்து வந்த ரொட்டியைத் தட்டிப் பார்த்து அடுக்குவதும் அவள் வேலை. பாதி கோதுமையும் பாதி மக்காச்சோளமும் போட்டுச் சுடும் மஞ்சள் ரொட்டிதான் அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது. கீறல் சரியாக விழாவிட்டால் ரொட்டி கோணலாக வெடிக்கும். சின்னவள் கை பட்டு வெடித்ததில்லை. போன வருஷம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போயிற்று. இப்போது மறுபடியும் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. யாரும் அதைப் பற்றி உரக்கப் பேசவில்லை.

மாவு லாரி வந்த ஒரு காலையில்தான் பேச்சு தொடங்கியது. ரொட்டிக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து ஊதிப் பார்த்தார்.

"என்னப்பா, சோளமாவு இந்தத் தடவை பளிச்சுனு இருக்கு?"

"பழைய மில்லை மூடிட்டாங்கண்ணே," என்றார் லாரி டிரைவர். "இது துறைமுகத்துப் பக்கம் இருக்கிற பெரிய மில்லு."

"சோளம் எங்க விளைஞ்சது?"

"அது யாருக்குத் தெரியும்? கப்பல்ல வருது. மலை மாதிரி கொட்டி வச்சிருக்காங்க. எந்த மணி எந்த ஊருன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?"

"மாத்தின விதைன்னு பேசிக்கிறாங்களே. அதுவும் இதுல இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் ஓட்டுறவன்ணே. ஏத்துறதை இறக்குறேன்."

மூட்டையின் மேல் மில்லின் பெயரும் எடையும் மட்டும் இருந்தன. ரொட்டிக்காரர் அதைத் திருப்பிப் போட்டும் பார்த்தார். பிறகு தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அதே கேள்வியோடு ஒருத்தி கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர். வரிசையில் தன் முறை வரும்வரை நின்று, பெரியவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த ரொட்டியில போடுற சோளம் மரபணு மாத்தினதா?"

"என்ன மாத்தினது?"

"ஒண்ணோட குணத்தை எடுத்து இன்னொண்ணோட விதைக்குள்ள வைக்கிறாங்கல்ல. பூச்சி அரிக்காம இருக்க, களைக்கு மருந்து அடிச்சா பயிர் சாகாம இருக்க."

"பூச்சியே வேணாங்கறதை நம்ம தலையில கட்டுறாங்களா?" என்றான் பின்னால் நின்ற ஒருவன். வரிசை சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "கெடுதல்னு நான் சொல்ல வரல. சோதிச்சுப் பார்த்துதான் விக்கிறாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சவங்க நிறைய பேர் சொல்றாங்க. நிஜமாவும் இருக்கலாம். ஆனா என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. ஒரு தடவை தொண்டை அடைச்சு உதடெல்லாம் நீலமாயிட்டா. அதுலேருந்து எதை வாங்கினாலும் உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம வாங்கறதில்லை. ஒண்ணும் ஆகாதுன்னா அதை மூட்டையில எழுதிட்டுப் போகலாம்ல. ஏன் எழுதறதில்லை?"

"நம்ம கடையில அந்த மாதிரி வேலையெல்லாம் கிடையாது," என்றாள் பெரியவள். "சோளம்னா சோளம். எத்தனை ரொட்டி?"

டீச்சர் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். கொட்டகையில் பிளேடும் கையுமாக நின்ற சின்னவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

மத்தியானம் அடுப்பு ஆறிய பிறகு, ரொட்டிக்காரர் மாவுத்தொட்டியைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார். சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி கிடையாதுன்னு சொன்னாங்களே. உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"எது?"

"டீச்சர் கேட்டது."

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படிக் கிடையாதுங்கறது?"

"கல்லாவுல உக்காந்துகிட்டு தெரியாதுன்னு சொன்னா ஒரு ரொட்டி விக்குமா?"

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் நான் என்ன சாப்பிட்டேன்?"

சுரண்டிய கை நின்றது. "அது பழைய மில்லு மாவு. இந்த மூட்டை அப்போ வரவே இல்லை."

"பழைய மில்லுக்குச் சோளம் எங்கேருந்து வந்துச்சு?"

அதுவும் அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை.

"டாக்டரே காரணம் இல்லைன்னு சொல்லிட்டாரும்மா. மனசைப் போட்டு அலட்டிக்காத."

"காரணம் இல்லைன்னு சொல்லல. காரணம் தெரியலைன்னு சொன்னார். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அன்றிலிருந்து அவள் மஞ்சள் ரொட்டியைத் தொடவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டாள். தாராளமாகச் சாப்பிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். தலையாட்டிவிட்டு வந்தாள். வரும் வழியில் மளிகைக்கடையில் நின்று கோதுமை மாவு வாங்கி, தனக்கு மட்டும் சமையலறை அடுப்பில் சின்னதாக ஒரு வெள்ளை ரொட்டி சுட்டுக்கொண்டாள். ரொட்டிக்காரர் பார்த்தார். பெரியவளும் பார்த்தாள். பெரியவள் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது நல்லதுக்கில்லை.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. மளிகைக்காரர் கெட்டவர் இல்லை. யாரோ அவர் கடை மாவைக் குறை சொல்லியிருக்கிறார்கள். ரோஷத்தில், "ரொட்டிக்கடைக்காரர் வீட்டுலயே என் கடை மாவைத்தான் வாங்கிச் சாப்பிடுறாங்க, போய்க் கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டார். தன் மாவுக்குப் பெருமை என்றுதான் நினைத்தார்.

அந்தப் பேச்சு தெருமுனை திரும்புவதற்குள் வேறு உருவம் எடுத்தது. ரொட்டிக்காரர் மனைவி தன் கடை ரொட்டியைச் சாப்பிடுவதில்லையாம். வயிற்றில் பிள்ளை இருப்பதாலாம். போன வருஷப் பிள்ளை போனதே அதனால்தானாம். மாத்தின சோளமாம். தெரிந்தே விற்கிறார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் பெரியவள் ஒரு கை பார்த்திருப்பாள். ஆட்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான். வழக்கமாக வருபவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள். கண் பட்டுவிட்டால், "வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்கக்கா" என்றார்கள். விற்காத ரொட்டி அலமாரியில் கிடந்து, மறுநாள் கல்லாகி, உடைத்துக் கோழிகளுக்குப் போயிற்று. கோழி வளர்ப்பவரும் இரண்டு நாள் கழித்து வேண்டாமென்றார்.

பிறகு ஒரு காலையில் பெரியவள் ஷட்டரைத் தூக்கியபோது வாசற்படியில் ரொட்டிகள் இருந்தன. முந்தின நாள் விற்றவை. எறிந்துவிட்டுப் போகவில்லை. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, சுத்தமாக, கீறல் பக்கம் மேலே தெரியும்படி அடுக்கி வைத்திருந்தார்கள். சிலவற்றில் ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தது. தெருவில் ஓர் ஆள் இல்லை. ஜன்னல்கள் மட்டும் திறந்திருந்தன.

ரொட்டிக்காரர் வெளியே வந்து பார்த்தார். அவர் வாயில் அன்று "வேகட்டும்" வரவில்லை. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார்.

உள்ளே பெரியவள் சின்னவளின் எதிரில் போய் நின்றாள்.

"நீ வந்து கடை முன்னாடி உக்காரணும்."

"எதுக்கு அண்ணி?"

"நம்ம ரொட்டியை நீ சாப்பிடுறதை நாலு பேர் பார்க்கணும். அவன் சாப்பிட்டா நம்ப மாட்டாங்க. நான் சாப்பிட்டா கட்டையில போற கிழடு எதைத் தின்னா என்னம்பாங்க. நீ சாப்பிடணும்."

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கூடையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"நீங்க சொல்லுங்க."

"டாக்டர் சாப்பிடலாம்னுதானே சொன்னார்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டர் சொன்னதை விடுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"அடுப்பு அணைஞ்சா நமக்கு வேற என்னம்மா தெரியும்?" கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "ஒரே ஒரு தடவை" என்றார்.

அன்று காலையில் கடை வாசலில் நாற்காலி போட்டார்கள். பெரியவள் தெருவுக்கே கேட்கும்படி, "புதுசா சுட்டது, சூடா இருக்கு, பார்த்துச் சாப்பிடு" என்று தட்டில் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். சின்னவள் பிய்த்து வாயில் வைத்தாள். ஒருவர் நின்றார். பிறகு மூன்று பேர். பிறகு எதிர்ப்பக்கமாகப் போனவர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். அவள் மென்று விழுங்கும்வரை யாரும் பேசவில்லை. தொண்டையில் இறங்குவதைக்கூட உற்றுப் பார்த்தார்கள். தட்டு காலியானதும் ஒரு பெண் பெருமூச்சு விட்டு, "எனக்கு ரெண்டு குடுக்கா" என்றாள். அன்று மத்தியானத்துக்குள் அலமாரி துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று.

ரொட்டிக்காரர் சிரித்த முகத்தோடு கொட்டகைக்கு வந்தார். சின்னவள் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியருகே நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். "பார்த்தியா, முடிஞ்சுபோச்சு" என்றார்.

முடியவில்லை. மறுநாள் கடை திறந்ததும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வாங்காமல் நின்றார்கள். கடைசியில் வண்டிக்காரர் ஒருவர் கேட்டார்.

"தங்கச்சி இன்னும் சாப்பிடலையாக்கா?"

"நேத்துதான் பார்த்தீங்களே?"

"அது நேத்து சுட்டதுக்கா. இது இன்னைக்கு மாவு."

பெரியவள் உள்ளே போய்ச் சின்னவளைக் கூட்டிவந்தாள்.

அப்படியே அது வழக்கமாயிற்று. தினமும் காலையில் முதல் ரொட்டி சின்னவளுக்கு. அவள் சாப்பிட்டு முடித்தால்தான் வியாபாரம். அன்பாகத்தான் பேசினார்கள். "மெதுவா சாப்பிடும்மா, அவசரமில்லை" என்றார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெயில் அடித்தால் ஒருவர் குடை பிடித்தார். எல்லாருடைய கண்ணும் அவள் வயிற்றில் இருந்தது. கொஞ்சம் கால் வீங்கினால், "இது எப்போலேருந்து?" என்று கேட்டார்கள். முகத்தில் ஒரு பரு வந்தால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் புழுக்கம் தாங்காமல் அவள் வாசலிலேயே வாந்தியெடுத்துவிட்டாள். கர்ப்பிணி வாந்தியெடுப்பது உலகத்தில் புதிதா? ஆனாலும் கூட்டம் சத்தமில்லாமல் கலைந்து போயிற்று. அன்று ஒரு ரொட்டி விற்கவில்லை. அதற்குப் பிறகு அவள் குமட்டலை விழுங்கக் கற்றுக்கொண்டாள்.

டீச்சர் மட்டும் அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் பின்வாசல் வழியாக வந்தாள். சின்னவள் முற்றத்தில் உட்கார்ந்து ஈரத்துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"நான் மூட்டையைப் பத்தித்தான் கேட்டேன்," என்றாள் டீச்சர். "உங்களைக் கொண்டுவந்து உக்கார வைக்கச் சொல்லல."

"தெரியும் டீச்சர்."

"மில்லுக்கு போன் பண்ணிப் பார்த்தேன். சட்டப்படிதான் விக்கிறோம்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. எது கலந்திருக்குன்னு கேட்டதுக்குப் பதில் இல்லை."

"மூட்டை பேசாது. மில்லும் பேசாது. என் வயிறு பேசும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நீங்க ஏன் தினமும் ஒத்துக்கறீங்க?"

சின்னவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். "ஒரு நாள் வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க." பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள். "எனக்கும் ஒண்ணும் தெரியாது டீச்சர். இதுல ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். நான் பயந்ததே வீணா இருக்கலாம். ஆனா பயந்துகிட்டே சாப்பிடுறது இருக்கே, அது உள்ள இறங்கவே மாட்டேங்குது."

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதம் நெருங்க நெருங்க கூட்டத்தின் பேச்சு மாறியது. ரொட்டியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பற்றியே பேசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று தெருவே வண்டியைச் சுற்றி நின்று வழியனுப்பியது. அன்றோடு வியாபாரமும் நின்றது. "குழந்தை வரட்டும்ணே, பார்த்துட்டு வாங்கிக்கிறோம்" என்றார்கள். ரொட்டிக்காரரும் வெள்ளந்தியாக, "வரட்டும் வரட்டும், வந்ததும் எல்லாரும் வந்து பாருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல், பால் குடிப்பதில் கெட்டிக்காரி. ஒரு மத்தியானம் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். வானம் அன்றும் கறுத்துத்தான் கிடந்தது. கடை வாசலில் தெரிந்த முகங்கள் எல்லாம் இருந்தன, தெரியாதவர்களும் இருந்தார்கள். சின்னவள் குழந்தையைத் துணியால் தலையோடு மூடி மார்பில் அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ரொட்டிக்காரர் பின்னாலேயே வந்தார். "கொஞ்சம் வெளிய கொண்டு வாம்மா. காலையிலேருந்து நிக்கிறாங்க."

"மாட்டேன்."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"உங்க வாக்குக்கு நான் தினமும் சாப்பிட்டேன். அதோட போதும்."

"ஒரு நிமிஷம். முகத்தை மட்டும் காட்டிட்டு வந்துடலாம். நல்லாத்தானே இருக்கா? நல்லா இருக்கிறதைக் காட்டுறதுக்கென்ன?"

அவள் குழந்தையின் தலைமேல் துணியை இன்னும் இழுத்து மூடினாள். அவர் வெளியே போனார். பெரியவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"குடு. நான் கொண்டு போறேன். நீ படுத்துக்கோ."

சின்னவள் மறுக்கவில்லை. குழந்தையை நாத்தனாரின் கையில் கொடுத்து, மூடியிருந்த துணியைத் தானே விலக்கினாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியின் நடுவிலிருந்து ஒரு பக்கத்து இமைவரை சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. பூவிதழை அழுத்தி எடுத்ததுபோல.

"இது என்ன?"

"நிறையக் குழந்தைங்களுக்கு இருக்குமாம். வருஷம் திரும்புறதுக்குள்ள மங்கிடுமாம். டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். உங்க தம்பியும் கேட்டுட்டுச் சிரிச்சார். பக்கத்துக் கட்டில் குழந்தைக்குப் பிடரியில இருந்துச்சு." சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "கொண்டு போங்க அண்ணி. கொண்டுபோய்க் காட்டுங்க. இது என்னன்னு கேப்பாங்க. டாக்டர் சொன்னதைச் சொல்லுங்க."

பெரியவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல் நுனியால் அந்தத் திட்டைத் தொட்டாள். துடைத்தால் போகுமா என்று பார்க்கிறவள்போல லேசாகத் தேய்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே உன்னை உக்கார வச்சேன்," என்றாள்.

சின்னவள் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தம்பி கல்லாவின் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: குழந்தை நல்லா இருக்கு, நல்ல எடை, ஒரு குறையும் இல்லை. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்கள்.

"எங்கக்கா குழந்தை?" என்றார் வண்டிக்காரர்.

"தூங்குது," என்றாள் பெரியவள். "பயணம் பண்ணின அலுப்பு. இன்னொரு நாள் பார்க்கலாம். எல்லாரும் போயிட்டு வாங்க."

ஷட்டரைப் பாதிவரை இழுத்தாள். யாரும் நகரவில்லை. முன்வரிசையில் நின்ற பெண், சின்னவள் சாப்பிட்ட முதல் நாளில் முதல் ஆளாக ரொட்டி வாங்கியவள், கனிவாகத்தான் சொன்னாள்.

"பரவாயில்லக்கா. தூங்கி எழுந்திருக்கட்டும். நாங்க இருக்கோம்."

அவள் படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். ஒருவர் வண்டியிலிருந்து பலகை ஒன்றை எடுத்துவந்து போட்டார். வயதானவர்களுக்கு அதில் இடம் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் குரலை உயர்த்தவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்று கிசுகிசுவென்றே பேசிக்கொண்டார்கள்.

பெரியவளின் கை ஷட்டரிலேயே இருந்தது.

உள்ளே குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. படியிலும் பலகையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.